இந்த வருசம் பிடிப்பு இல்லை

ஒத்தச் செருப்போட உக்காந்திருக்கானே, கிறுக்கனா இருப்பானோன்னுதானே பாக்குறீங்க? இல்லக்கா. சாத்தூர்ல ஏறும்போது இடது கால் செருப்பு எங்கயோ கழண்டு விழுந்துருச்சு. எனக்குத் தெரியவே இல்லை. சீட்டைத் தேடி உக்காந்து, வண்டியும் கிளம்புனதுக்கு அப்புறம் பாத்தா கால் வெறுங்காலா இருக்கு. பிளாட்பாரத்துல ஒரு ஆளு கையை ஆட்டி ஆட்டிக் கத்துனாரு. தெரிஞ்சவர் போல, போட்டிக்கு வாழ்த்துச் சொல்றாருன்னு நானும் சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டுனேன். மனுசன் செருப்பைக் காட்டிக் கத்தியிருக்காரு!

போகுது விடுங்க. மெட்ராஸ்ல இறங்குன உடனே ஒரு ஜோடி வாங்கிக்கிறலாம்.

எதிர்ல பேப்பர் படிக்கிறாருல்ல, அந்த சார்தான் என் பையை மேல தூக்கி வெச்சாரு. இம்புட்டுப் பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு அடுத்த ஆளைப் பை தூக்கச் சொல்றானேன்னு மனசுக்குள்ள திட்டியிருப்பாரு. இல்லைங்கிறாரு பாருங்க, நல்ல மனுசன். விசயம் என்னன்னா நாளைக்குக் காலையில எனக்குப் போட்டி. அது வரைக்கும் முதுகை வீணாக்கக் கூடாது. வீட்டுலயும் அப்படித்தான். தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் மாரீஸ்வரி பாத்துக்கிருவா. மாரீஸ்வரி என் வீட்டுக்காரி. பாப்பாவைக்கூட நான் தூக்குறதில்லை. நாலு வயசு, பதினஞ்சு கிலோ இருப்பா. ஓடியாந்து காலைக் கட்டிக்கிட்டு "தூக்குப்பா"ம்பா. போட்டி முடியட்டும்டா கண்ணுன்னு சொல்லிருவேன். ஒரு போட்டி முடிஞ்சா அடுத்த போட்டி வந்துருது, அது வேற விசயம்.

என்ன போட்டியா? பவர்லிஃப்டிங்க்கா. தலைக்கு மேல தூக்குவாங்களே, அது இல்லை. அது வேற. இதுல மூணு இருக்கு. தோள்ல எடையை வெச்சு உக்காந்து எந்திரிக்கணும். மல்லாக்கப் படுத்து நெஞ்சுல இருந்து தள்ளணும். கடைசியா, தரையில கிடக்குற ராடைக் குனிஞ்சு பிடிச்சு நிமிரணும். டெட்லிஃப்ட்டும்பாங்க. அதுதான் நம்ம ஐட்டம். போன வருசம் இருநூத்தி அறுபது கிலோ எடுத்தேன். கோயம்புத்தூர்க்காரப் பய ஒருத்தன் ரெண்டரைக் கிலோ கூட எடுத்துட்டான். ரெண்டரைக் கிலோ! ஒரு வெங்காயப் பை. அதுல போச்சு எனக்கு மொத இடம்.

மொத இடம் வந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எழுதிப் போட முடியும். ரெண்டாவது வந்தவனுக்குக் கையில ஒரு சால்வை, தோள்ல ஒரு தட்டு, அம்புட்டுத்தான். அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். இப்ப தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு வேன் ஓட்டுறேன். ஆயுசுக்கும் அதையே ஓட்டிக்கிட்டுக் கிடக்கவா? அதனால இந்தத் தடவை விட்டா விட்டதுதான்.

தண்ணியா? வேணாம்க்கா. வேணாம் வேணாம், நீங்க குடிங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன்.

எங்க ஜிம்முல ஒரு வழக்கம் இருக்கு. முதுகு வலின்னு யாரும் சொல்லக் கூடாது. வலின்னு வாய் தவறிச் சொன்னா இருபது தண்டால். பிடிப்புன்னுதான் சொல்லணும். மொத மொதல்ல ஒருத்தனுக்கு முதுகு பிடிச்சிருச்சுன்னா அன்னைக்கு எல்லாரும் கை தட்டுவாய்ங்க. அவன் போய்ச் சேவு வாங்கிட்டு வந்து அத்தனை பேருக்கும் குடுக்கணும். அதுக்கப்புறந்தான் அவன் சீனியர். பிடிப்பு வராதவனை நாங்க ஆளாவே சேக்க மாட்டோம். இன்னும் பூப் பறிச்சுக்கிட்டு இருக்கான்னு ஓட்டுவோம்.

எனக்கு மொதத் தடவை வந்தது கல்யாணத்துக்கு முந்துன வருசம். ராடை எடுத்து முட்டி தாண்டியிருப்பேன், முதுகுல யாரோ சுத்தியல வெச்சு ஒண்ணு போட்ட மாதிரி. அப்படியே உக்காந்துட்டேன். கை தட்டுறாய்ங்க! எனக்குக் கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. வளைஞ்ச முதுகோடயே போய்ச் சேவு வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர்கூட என்னப்பா காசைக் கீழ தேடுறியான்னாரு. பத்து நாள் ஒத்தடம் குடுத்தேன், சரியாப் போச்சு.

அதுல இருந்து வருசா வருசம் வரும். போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடி, எடையைக் கூட்டுவோமில்ல, அப்ப கரெக்ட்டா வந்து நிக்கும். சொந்தக்காரன் திருவிழாவுக்கு வர்ற மாதிரி. வரும், நாலு நாள் இருக்கும், போகும். ரெண்டாவது வருசம் ஒரு வாரம் தங்குச்சு. அடுத்த வருசம் இடது கால் பக்கமா இறங்குச்சு. புட்டத்துல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஒரு கம்பியை விட்டு இழுக்குற மாதிரி. பெல்ட்டை இன்னும் ரெண்டு ஓட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டேன், சமாளிச்சாச்சு.

அப்பத்தான் மாரீஸ்வரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி ஸ்கேன் எடுக்க வெச்சா. அவளுக்கு அந்த ராடைக் கண்டாலே ஆகாதுக்கா. சக்களத்தி மாதிரி பாக்குறா. டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு, எலும்புக்கு நடுவுல இருக்குற ஜவ்வு பிதுங்கியிருக்கு, கொஞ்ச காலம் இந்தக் குனிஞ்சு தூக்குறதை நிறுத்துன்னாரு. நானும் தலையாட்டிட்டு வந்தேன். எங்க ஜிம்முல எவனை ஸ்கேன் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். எடை தூக்குறவனுக்கு ஜவ்வு பிதுங்காம பின்ன உக்காந்து எழுதுறவனுக்கா பிதுங்கும்?

அருளப்பன்னு ஒருத்தன் இருந்தான். என்னை விட நல்லாத் தூக்குவான், பொய் சொல்லக் கூடாது. அவனுக்கும் இதே பிடிப்புத்தான். பயந்துட்டான். டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆபரேசன் பண்ணிக்கிட்டான். இப்ப நல்லாத்தான் இருக்கான். நடக்குறான், பைக் ஓட்டுறான், பிள்ளைகளைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் பொருட்காட்சிக்குப் போறான். ஆனா என்ன பிரயோசனம்? ராடைத் தொட மாட்டேங்கிறான். அவனைப் பாத்தா எனக்கு அம்புட்டுப் பரிதாபமா இருக்கும்.

ஒரு நிமிசம்க்கா, போன் அடிக்குது. மாரீஸ்வரிதான். அப்புறம் பேசிக்கிறேன், இப்ப எடுத்தா இப்படி இருக்கா அப்படி இருக்கான்னு உசுரை வாங்குவா.

எங்க விட்டேன்? ஆங், இந்த வருசம்.

இந்த வருசம் சொல்லிக்க மாட்டாத பிடிப்பு. நான் யார்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்ட சொல்றேன். வழியில பாக்குறவங்கிட்டச் சொன்னா அங்கயே போயிரும். போன வாரம் இருநூத்தி அறுபத்தஞ்சு போட்டு இழுத்தேன். எடுத்துட்டேன்! எடுத்துட்டு இறக்கும்போதுதான் இடுப்புக்குள்ள டப்புன்னு ஒண்ணு. சத்தமே கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி படுக்க முடியலை, நிக்க முடியலை. ரெண்டு காலுலயும் கரண்டு பாய்ஞ்ச மாதிரி. முன்னாடியெல்லாம் ஒரு காலுதான், இந்தத் தடவை ரெண்டும். தும்முனா உசுரு போயிட்டு வருது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்ரூம் போனேன்.

மாஸ்டர், துரைப்பாண்டி மாஸ்டர், ஜிம்மு வெச்சிருக்கவர், நான் நடக்குற நடையைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டாரு. இந்த வருசம் விட்டுருடா சோலைராஜு, முதுகு இருந்தா வேலை எங்கயாவது கிடைக்கும்னாரு. இத்தனைக்கும் தண்டால் எடுக்க வெச்ச மனுசன்! வயசாயிருச்சுல்ல, இளகிப் போயிட்டாரு. நான் ரெண்டு நாள் ஜிம்மு பக்கமே போகலை. மெடிக்கல்ல தெரிஞ்ச பையன்கிட்ட ஊசி போட்டுக்கிட்டேன். மூணாவது நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நடந்து போய், பிடிப்பு விட்டுருச்சு மாஸ்டர்னு சொன்னேன். முன்னப் பின்ன நடடான்னாரு. நடந்து காட்டுனேன். நெத்தியில வேர்வை பாத்திருப்பாரு, ஆனாலும் சரி கிளம்புடான்னுட்டாரு. நாளைக்கு அவரும் அங்க வருவாரு.

பொய் சொன்னேன்னு வெச்சுக்கோங்க. ஆனா சாமி அந்தப் பொய்யை மெய்யாக்கிருச்சு! அதைத்தான் சொல்ல வந்தேன்.

நேத்துக் காலையில எந்திரிக்கிறேன், பிடிப்பு இல்லை. சுத்தமா இல்லை. கம்பி இழுக்குறது இல்லை, கரண்டு இல்லை, ஒண்ணும் இல்லை. எனக்கே நம்ப முடியலை. இடுப்பை அமுக்கிப் பாக்குறேன், தொடையைக் கிள்ளிப் பாக்குறேன், ம்ஹூம், ஒண்ணுமே தெரியலை. சந்தோசத்துல மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, நீயும் கிள்ளிப் பாருன்னேன். அவளும் நல்லா நகத்தை வெச்சே கிள்ளுனா. வலிக்கலைடின்னு சிரிக்கிறேன், அவ மூஞ்சி செத்துப் போச்சு. வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு பிடிவாதம். ஏம்மா, வலிச்சாலும் ஆஸ்பத்திரி, வலிக்கலைன்னாலும் ஆஸ்பத்திரியா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் செயிச்சு வேலைக்குப் போறது உனக்குப் பிடிக்கலை, அதான் இப்படி அபசகுனமாப் பேசுறடின்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா அவளும் கூட வர்றேன்னு நிக்கிறாக்கா. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ரயிலடி வரைக்கும் வந்து நிக்கிறா. நான்தான் போடின்னு அனுப்பிவிட்டேன்.

கால் கொஞ்சம் அசதியா இருக்கு, இல்லைன்னு சொல்லலை. படியில ஏறும்போது நுனிக்கால் தடுக்குது. அது சாப்பிடாததுனால.

ஆமாக்கா, சாப்பிடலை. தண்ணியும் இல்லை. நீங்க குடுத்தப்ப வேணாம்னேன்ல, அதுக்குக் காரணம் இதான். நான் எண்பத்தி மூணு கிலோ பிரிவு. நாளைக்குக் காலையில தராசுல ஏத்துவாய்ங்க. நூறு கிராம் கூட இருந்தாலும் வெளியதான். அதனால என்ன பண்ணுவோம்னா, ஒரு வாரமாக் குடங்குடமாத் தண்ணி குடிப்போம். கடைசியில பட்டுன்னு நிறுத்திருவோம். உடம்பு பழக்க தோசத்துல உள்ள இருக்குற தண்ணியை எல்லாம் தள்ளிக்கிட்டே இருக்கும். மணிக்கு ஒருக்கா பாத்ரூம் ஓடுவோம். காலையில பாத்தா ரெண்டு மூணு கிலோ இறங்கியிருக்கும். எங்க ஆளுக எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை இது.

ஆனா இந்தத் தடவை என்னமோ தெரியலை, எடை இறங்க மாட்டேங்குது. நேத்து மத்தியானத்துல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலை. காலையில வீட்டுத் தராசுல ஏறுனா அப்படியே நிக்குது. எச்சியைக்கூடத் துப்பிக்கிட்டு இருக்கேன்க்கா, மன்னிச்சுக்கோங்க, இந்த டம்ளர் அதுக்குத்தான். கம்பளியைப் போத்திக்கிட்டு வெயில்ல உக்காந்து பாத்தேன். ம்ஹூம். அடிவயிறு வேற கல்லு மாதிரி இருக்கு. வாயு போல.

பாத்ரூமா? எப்பப் போனேன்னா... நேத்துச் சாயங்காலம் போனேன். அதுவும் நின்னு நின்னு வந்துச்சு. முக்கணும். அப்புறம் போகலை. போகணும்னு தோணவே இல்லையே. தண்ணி குடிச்சாத்தானே வரும்? உடம்பு காஞ்சு கிடக்குன்னு அர்த்தம், நல்லதுதான்.

இல்லக்கா, வலி இல்லை. அதான் சொல்றேனே, ஒண்ணுமே இல்லை. உக்காந்திருக்குறதே தெரியலை. நானே கேக்கணும்னு இருந்தேன், இந்த வண்டியில சீட்டெல்லாம் மாத்திட்டாங்களா? முன்னாடி கட்டை மாதிரி இருக்கும், சாத்தூர்ல ஏறுனா மதுரைக்குள்ள ரெண்டு தடவை எந்திரிச்சு நிக்கணும். இப்ப மதுரை தாண்டியும் பஞ்சுப் பொதியில உக்காந்த மாதிரி இருக்கு. உங்களுக்கு அப்படி இல்லையா? கட்டையாத்தான் இருக்கா? சார், உங்களுக்கு? என்ன சார் நீங்களும் அப்படியே சொல்றீங்க. அப்ப என் சீட்டு மட்டும் புதுசு போல.

ஏன்க்கா மூஞ்சி இப்படி மாறிப்போச்சு? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன், நீங்க ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டே வர்றீங்க. ரெண்டு காலுமா, தொடைக்கு உள்பக்கம் தெரியுதா, மலம் கழிக்கும்போது தெரியுதான்னு. டீச்சரா இருப்பீங்கன்னு நெனச்சேன். என்ன வேலை பாக்குறீங்க?

ஓ, நர்ஸா? எலும்பு வார்டுலயா? எத்தனை வருசமா?

இருக்கட்டும்க்கா, நல்ல வேலைதான். ஆனா உங்களுக்கு எல்லாமே வியாதியாத்தான் தெரியும். நான் குத்தமாச் சொல்லலை, அந்த வார்டுலயே இருந்தா யாருக்கும் அப்படித்தான் தெரியும். இப்ப யாருக்குப் போன் பண்றீங்க? எந்த டாக்டர்? ஏன்க்கா, நான் ஏதோ பொழுது போகட்டும்னு கதை பேசுனேன்.

திருச்சியில இறங்கணுமா? நானா? நல்லாயிருக்கே! நாளைக்குக் காலையில எனக்குத் தராசு. இறங்கி என்ன பண்ணச் சொல்றீங்க? ஆபரேசனா? இன்னைக்கேவா? அக்கா, வலிக்கிறவனைப் பிடிச்சு ஆபரேசன் பண்ணுங்க. எனக்குத்தான் வலியே இல்லையே. ஜவ்வு போய் நரம்பு மொத்தத்தையும் நசுக்குதா? நசுக்குனா வலிக்காதா? நசுங்கிச் செத்துப் போச்சுன்னா வலிக்காதா. சரி. சரி. நீங்க பெரியவங்க, சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா இறங்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள பண்ணலைன்னா நடக்கவே முடியாதுன்னு பயமுறுத்தாதீங்க. ஆயுசுக்கும் ஒண்ணுக்குப் போக டியூப்பா? வாயைக் கழுவுங்கக்கா, எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு.

மறுபடி மாரீஸ்வரி. இந்தாங்க, நீங்களே எடுத்துப் பேசுங்களேன், ரெண்டு பேரும் சேந்து ஒப்பாரி வெக்கலாம். ஐயோ, நெசமாவே பேசாதீங்க. குடுங்க இங்க. நான் சும்மா சொன்னேன்.

கட் பண்ணிட்டேன். அழுகுறா.

சரிக்கா, இப்படிக் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சாதீங்க, ஆளுக பாக்குறாங்க. ஒரு பேச்சுப் பேசுவோம். நீங்க சொல்ற பரீட்சையை நான் செய்யிறேன். செஞ்சுட்டேன்னா என்னை விட்டுறணும், மெட்ராஸ் வரைக்கும் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது. செய்யலைன்னா திருச்சியில இறங்குறேன். சார் சாட்சி. சம்மதமா?

என்ன, இம்புட்டுத்தானா? இடது கால் பெருவிரலை மேல தூக்கணுமா? அக்கா, இருநூத்தி அறுபத்தஞ்சு கிலோ தூக்குனவன்கிட்ட விரலைத் தூக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே சிரிப்பா இல்லையா? சரி, போட்டி மாதிரியே செய்வோம். எடை தூக்கும்போது நாங்க கீழ குனிஞ்சு பாக்க மாட்டோம், கண்ணு நேரா முன்னாடிதான் இருக்கணும். சன்னலைப் பாத்துக்கிறேன். தூக்கி நிமுந்து அசையாம நிப்போம். ஜட்ஜ் "டவுன்"னு சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது, இறக்குனா செல்லாது. நீங்கதான் ஜட்ஜ்.

தூக்குறேன்.

தூக்கிட்டேன்.

சார், நீங்க எதுக்குப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் குனிஞ்சு பாக்குறீங்க? இன்னும் தூக்கலையா? என்ன சார் பேசுறீங்க, என் விரல் எனக்குத் தெரியாதா? எம்புட்டு நேரமாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அழுகாதீங்கக்கா. டவுன் சொல்லுங்க, இறக்கிக்கிறேன்.